உனக்காகத்தான் இத்தனையும்

அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளின் தற்கொலை எண்ணங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், ஒரு வாக்கியம் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது: "அவர்களுக்கென்ன, குடும்பப் பாசம் மிகுந்தவர்கள். குடும்பமே காப்பு." நல்லெண்ணத்தில் சொல்வதுதான். இதைச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. படிவங்களை ஸ்பானிஷில் அச்சடித்து, வரவேற்பறையில் ஸ்பானிஷ் பேசும் ஒருவரை உட்கார வைத்து, அம்மாவையும் அறைக்குள் கூப்பிட்டுவிட்டால், கலாச்சாரத்தை மையமாக வைத்த சிகிச்சை கொடுத்தாயிற்று என்று பல இடங்களில் நினைத்துக்கொள்கிறார்கள். குடும்பம் காப்பு என்பது பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாத ஆலோசகர், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே ஒரு பெண்ணை மேலும் நெருக்கிவிட முடியும்.

எண்களே இதைத்தான் சொல்கின்றன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஈராண்டுக்கு ஒருமுறை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் பெயர் கேட்காமல் ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. 1995இல், கடந்த ஓராண்டுக்குள் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாக எழுதிய ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் மொழி பேசும் நாடுகளின் வழிவந்த) மாணவிகள் 21 சதவீதம். வெள்ளையின மாணவிகளில் அது ஏறக்குறைய 10. இருபது ஆண்டுகள் கழித்து 2015இல் ஹிஸ்பானிக் மாணவிகளில் 15.1 சதவீதம், கறுப்பின மாணவிகளில் 10.2, வெள்ளையின மாணவிகளில் 9.8. இன்னொரு செய்தி இதைவிட உறுத்தும். 2008இல் வெளியான ஆய்வொன்றின்படி, வேறு நாட்டில் பிறந்து வந்த லத்தீன் பிள்ளைகளைவிட, புலம்பெயர்ந்த பெற்றோருக்கு அமெரிக்காவிலேயே பிறந்த இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள் தற்கொலைக்கு முயலும் வாய்ப்பு கிட்டத்தட்ட 3 மடங்கு. ஆங்கிலம் சரளமாக வரும், குடியுரிமை இருக்கிறது, பள்ளி பழகிய இடம். ஆனாலும் அவர்களுக்குத்தான் அதிகம்.

இறப்புக் கணக்கில் லத்தீன் இளையோர் வெள்ளையின இளையோரைவிடக் குறைவாகவே இருந்து வந்திருக்கிறார்கள். இந்த ஆறுதல் செய்தியே கெடுதலாகவும் ஆயிற்று. "கவனத்தை இழுக்கச் செய்கிறாள்" என்ற தீர்ப்பை வீட்டாரும் சொன்னார்கள், சில மருத்துவமனைகளிலும் சொன்னார்கள். ஒருமுறை முயன்றவருக்கு மறுபடியும் ஆபத்து கூடுதல் என்பது இந்தத் துறையில் யாரும் மறுக்காத ஒன்று. அப்படியிருக்க, பிழைத்து வந்தவளை நடிக்கிறாள் என்பது சிகிச்சையின் கதவை உள்ளிருந்தே தாழிடுவதற்குச் சமம்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'லத்தீன்எக்ஸ்' என்பது ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்களையும் சேர்த்துக்கொள்ள உருவான சொல். 2020இல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கெடுப்பில், தம்மை அப்படி அழைத்துக்கொள்பவர்கள் 3 சதவீதம்தான். சிலருக்கு, குறிப்பாக அந்த இரண்டுக்குள் அடங்காத பிள்ளைகளுக்கு, அந்தச் சொல் பெரிய ஆசுவாசம். அவர்களுடைய பெற்றோருக்கு அது பல்கலைக்கழகத்தின் சொல். ஆலோசகர் தாமாக எந்தப் பெயரையும் ஒட்டாமல், "உங்கள் வீட்டில் உங்களை என்னவென்று சொல்லிக்கொள்வீர்கள்?" என்று கேட்டுவிடலாம். மெக்சிகோக்காரர், டொமினிக்கன், சால்வதோரக்காரர், போரிக்குவா (போர்ட்டோ ரிக்கோக்காரர்) என்று பதில் வரும். அம்மாவும் மகளும் வெவ்வேறு பதில் சொன்னால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இருபுறமும் கூர்

ஸ்பானிஷில் 'ஃபமிலிஸ்மோ' என்று ஒரு சொல் உண்டு. தனிமனிதரின் விருப்பத்தைவிடக் குடும்பத்தின் நலன் முதன்மை, கஷ்டம் வந்தால் குடும்பத்தை நாடு, உன் நடத்தை குடும்பத்தின் மானம் என்ற மூன்றும் சேர்ந்த பொருள் அதற்கு. அதோடு 'ரெஸ்பேத்தோ', பெரியவர்களுக்குக் காட்ட வேண்டிய மரியாதை. 'அகுவந்தார்', பொறுத்துப் போவது, பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது. பெண் என்றால் மாதா மரியாளைப் போலத் தன்னைக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்க வேண்டும் என்ற 'மரியானிஸ்மோ'. அழுக்குத் துணியை வீட்டுக்குள்தான் துவைக்க வேண்டும் என்று ஒரு பழமொழி. 'எல் கே திரான்' என்று ஒரு பயம். அதைத் தமிழருக்கு விளக்கவே தேவையில்லை: நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதற்கு அவர்களுடைய சொல் அது.

லூயிஸ் சயாஸ் 1980களிலிருந்து லத்தீன் பெண்களின் தற்கொலை முயற்சிகளை ஆராய்ந்து வந்தவர். அவருடைய குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 226 லத்தீன் வளரிளம் பெண்கள் பங்கேற்றார்கள். பாதிப் பேர் தற்கொலைக்கு முயன்றவர்கள், பாதிப் பேர் முயலாதவர்கள். குடும்பப் பற்று அதிகம் உள்ள பெண்களுக்குப் பெற்றோருடன் சண்டை குறைவாக இருந்தது. இதுவரை எல்லாரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் அதே பெண்களிடம் துக்கத்தையும் பதற்றத்தையும் உள்ளேயே போட்டுப் பூட்டும் அறிகுறிகள் அதிகமாக இருந்தன. சண்டையினால் வரும் ஆபத்து முயற்சிவரை போய்ச் சேர்ந்த வழிகளில், இப்படி உள்ளே அடக்குவதும் தன்மதிப்புக் குறைவும் இடையில் நின்றன.

நிதானமாகப் பார்த்தால் இதன் இயக்கம் புரிந்துவிடும். பாசம் சண்டையைத் தடுக்கிறது. எப்படித் தடுக்கிறது? பேச வேண்டியதைப் பேசாமல் விழுங்க வைத்து. அம்மா இரண்டு வேலை பார்க்கிறாள், அப்பாவுக்கு முதுகுவலி, பாட்டிக்குப் பணம் அனுப்ப வேண்டும். இதற்கு நடுவில் என் பிரச்சினையையும் எப்படிச் சொல்வது என்று பெண் நினைக்கிறாள். விழுங்குகிறாள். விழுங்க விழுங்க, தானே இந்த வீட்டுக்கு ஒரு சுமை என்ற எண்ணம் திரள்கிறது. இந்தச் சுமை உணர்வு தற்கொலை எண்ணத்தின் மிக ஆபத்தான பகுதிகளில் ஒன்று. 'நான் இல்லாவிட்டால் அவர்களுக்குப் பாரம் குறையும்' என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, அதற்குள் இருப்பது குடும்பத்தின் மீதுள்ள வெறுப்பு இல்லை. வழிதவறிப்போன பாசம். குடும்பம் காப்பு என்று மட்டும் படித்துவிட்டு வரும் ஆலோசகர் இந்தப் பெண்ணிடம், "உன் அம்மாவை நினைத்துப் பார்" என்பார். அவள் நினைத்துக்கொண்டே இருப்பதுதான் சிக்கல்.

முதல் சந்திப்பு

ஆகவே முதல் சந்திப்பின் ஒழுங்கை மாற்ற வேண்டும். வழக்கமாகப் பிள்ளையைத் தனியாக அழைத்துப்போய்க் கேள்வித்தாளோடு தொடங்குவார்கள். லத்தீன் குடும்பத்தில், முன்பின் தெரியாத ஒருவர் அம்மாவைத் தாண்டி மகளோடு பேசத் தொடங்குவது அவமதிப்பு. முதலில் பெற்றோரை வணங்கி, குடும்பப் பெயர் சொல்லி, பத்துப் பதினைந்து நிமிடம் பொதுவாகப் பேச வேண்டும். 'பிளாத்திகா' என்பார்கள். எந்த ஊர், எப்போது வந்தீர்கள், இங்கே வர எத்தனை பேருந்து மாறினீர்கள். பெற்றோரிடம் 'உஸ்தேத்', அதாவது நீங்கள். பிள்ளையிடம் 'தூ', அதாவது நீ. கொலம்பியக் குடும்பங்கள் சிலவற்றில் வீட்டுக்குள்ளேயே 'உஸ்தேத்' புழங்கும், மத்திய அமெரிக்கர்களிடம் 'வோஸ்' வரும்; அதைக் காதில் வாங்கிக்கொண்டு தக்கபடி பேசலாம். இந்தக் கால் மணி நேரத்தை வீண் என்று எண்ணிச் சுருக்குபவர்கள், மூன்றாவது வாரம் குடும்பம் ஏன் வரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்ததாக, இரண்டு பேரும் இருக்கும்போதே ரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும்: பிள்ளை சொல்வது இங்கேயே இருக்கும், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் பெற்றோருக்குச் சொல்வேன், சொல்வதற்கு முன் அவளிடம் சொல்லிவிட்டுச் சொல்வேன். பிறகு பிள்ளையோடு தனியாக, பிறகு பெற்றோரோடு தனியாக, கடைசியில் மறுபடி எல்லாரும் சேர்ந்து. மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் மூச்சுமுட்டாமல் முடிக்கலாம். குடியேற்ற ஆவணங்களைப் பற்றிக் கேட்கக் கூடாது. "அதை எனக்குச் சொல்லத் தேவையில்லை, நான் எழுதியும் வைப்பதில்லை" என்று முந்திக்கொண்டு சொல்வது நல்லது. மருத்துவமனை, பள்ளி, தேவாலயம் போன்ற இடங்களில் குடியேற்றக் கைது நடவடிக்கைகளைத் தவிர்க்கச் சொல்லியிருந்த வழிகாட்டுதலை அமெரிக்க அரசு 2025 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. அதன்பின் இந்த ஒரு வாக்கியத்தின் எடை பல மடங்கு கூடிவிட்டது. வீட்டை விட்டு வெளியே வரவே அஞ்சும் குடும்பத்துக்குக் காணொளி வழிச் சந்திப்பை ஆலோசகரே முன்வந்து தர வேண்டும்.

பிள்ளையிடம் நேராகத்தான் கேட்க வேண்டும். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் பெற்றோருக்கு மட்டுமில்லை, ஆசிரியர்களுக்கும் உண்டு. நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களைக் கொண்டு நடந்து 2005இல் வெளியான ஆய்வு, அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று காட்டியது. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் 'ஆஸ்க்' கேள்விகள் நான்கே நான்கு, அரை நிமிடம்கூட ஆகாது, ஸ்பானிஷிலும் உண்டு. ஒன்றுக்காவது ஆம் என்றால் ஐந்தாவது கேள்வி: இப்போது, இந்த நிமிடம், அந்த எண்ணம் இருக்கிறதா?

சொல் வழுக்கும் இடங்கள்

போர்ட்டோ ரிக்கோவின் கில்லெர்மோ பெர்னாலும் அவருடைய சகாக்களும் 1995இல் ஒரு சட்டகம் வகுத்தார்கள். சிகிச்சையை ஒரு கலாச்சாரத்துக்குப் பொருத்த எட்டு இடங்களைப் பார்க்க வேண்டும் என்றார்கள்: மொழி, மனிதர்கள், உருவகங்கள், உள்ளடக்கம், கருத்துகள், இலக்குகள், முறைகள், சூழல். மொழி எட்டில் ஒன்று. பெரும்பாலானவர்கள் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்த முதல் படியே எவ்வளவு வழுக்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

உணர்ச்சிகளைப் பெயரிடும் பயிற்சித் தாளை எடுத்துக்கொள்வோம். 'கொராஹே' என்ற சொல்லுக்கு மெக்சிகோவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் கோபம் என்று பொருள். வேறு இடங்களில் துணிவு. 'பெனா' சிலருக்குத் துயரம், சிலருக்குக் கூச்சம். ஒரே தாளை எல்லாருக்கும் கொடுத்தால், கூச்சத்துக்கு எதிரே டிக் அடித்த பெண்ணைத் துயரக் கணக்கில் சேர்த்துவிடுவோம். 'நெர்வியோஸ்' என்ற சொல்லுக்குள் பதற்றம், உடல் நடுக்கம், வாழ்க்கையின் மொத்தப் பாரம் எல்லாம் அடங்கும். 'அதாக்கே தே நெர்வியோஸ்' என்பது வேறு: குடும்பத்தில் ஓர் அதிர்ச்சி நேர்ந்ததும் அலறல், அழுகை, நடுக்கம், மார்பிலிருந்து தலைக்கு ஏறும் சூடு, சில நேரம் மயங்கி விழுதல். மனநோய்களைப் பட்டியலிடும் அமெரிக்கக் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இது இடம்பெற்றிருக்கிறது. தெரியாத மருத்துவர் இதை மனப்பிறழ்வு என்று எழுதிவிடுவார். அரைகுறையாகத் தெரிந்தவர், "அவர்கள் ஊரில் இது சகஜம்" என்று அனுப்பிவிடுவார். இரண்டும் தவறு. அந்த வேகத்திலேயே உயிரை மாய்க்கும் முயற்சியும் நடக்கக்கூடும் என்பதால், அடங்கியபின் தனியாக உட்கார வைத்து நேரடிக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் இருந்தால், அவரிடம் முன்கூட்டி ஐந்து நிமிடம் பேச வேண்டும். "அவள் 'நான்' என்றால் நீங்களும் 'நான்' என்றே சொல்லுங்கள். எதையும் மென்மையாக்காதீர்கள்." உயிரை மாய்க்க நினைத்தாயா என்ற கேள்வி, இரக்கத்தின் பேரில், உன்னை நீயே காயப்படுத்த நினைத்தாயா என்று மாறிப்போவது அடிக்கடி நடக்கிறது. இரண்டும் ஒன்றில்லை. தன்னைக் கீறிக்கொள்ளும் பிள்ளைக்குச் சாக விருப்பம் இல்லாமலிருக்கலாம்; சாக நினைக்கும் பிள்ளை ஒருமுறைகூடக் கீறிக்கொள்ளாமலிருக்கலாம். பிள்ளையையே அம்மாவுக்கு மொழிபெயர்க்க வைப்பது மிகப் பெரிய தவறு. கூட்டாட்சி நிதி பெறும் மருத்துவ இடங்களில், அவசர நிலையைத் தவிர, சிறுவர்களை அப்படிப் பயன்படுத்த விதிகளே தடை போடுகின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் கூடாது. வங்கியிலும் வாடகை அலுவலகத்திலும் எட்டு வயதிலிருந்து அம்மாவின் வாயாக இருந்து களைத்தவள், தன் சாவு எண்ணத்தையும் தானே அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டுமா?

அந்த ஒரு வாக்கியம்

நெருக்கடி நடந்த நாளை மணிக்கு மணி பின்னோக்கி விரித்துப் பார்ப்பது இந்தச் சிகிச்சைகளில் ஒரு முக்கியமான வேலை. காலையில் எழுந்தது முதல் யார் என்ன சொன்னார்கள், உடலில் எங்கே என்ன தோன்றியது, எந்த நொடியில் அந்த எண்ணம் வந்தது. உதாரணத்துக்கு 15 வயதுப் பெண் ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். கைபேசியில் ஒரு பையனின் செய்தியை அம்மா பார்த்துவிட்டாள். கைபேசி பறிபோயிற்று. சத்தம். தங்கை அழுகை. கடைசியில் அம்மா தளர்ந்துபோய்ச் சொன்னது: "தோதோ லோ ஆகோ போர் தி." உனக்காகத்தான் இத்தனையும் செய்கிறேன். அந்த நாளின் நிகழ்வுச் சங்கிலியை இப்படி விரித்தால், திட்டும் அடியும் வரும் இடங்களில் இல்லாத ஒரு துண்டிப்பு இந்த வாக்கியத்துக்குப் பிறகு வருவதைக் காணலாம். அம்மா அன்பைச் சொன்னாள். மகளின் காதில் கடன் விழுந்தது, அதுவும் அடைக்கவே முடியாத கடன்.

சிகிச்சை திரும்புகிற இடம் இதுதான். மூன்று விதமாக இதைக் கெடுக்கலாம். "இனி அப்படிச் சொல்லாதீர்கள்" என்று அம்மாவிடம் மகள் முன்னாலேயே சொல்வது ஒன்று. தன்னைவிட இளைய, படித்த ஒருவர் பெற்ற மகளுக்கு முன்னால் திருத்தியதை அவள் தாங்கமாட்டாள், மறுவாரம் வரமாட்டாள். "அம்மா உன்மேல் அன்பாகத்தான் இருக்கிறாள்" என்று மகளுக்குச் சமாதானம் சொல்வது இரண்டாவது. அவளுக்கு அது தெரியும். மூன்றாவது, கொஞ்சம் மேதாவித்தனமானது: 18 வயதானதும் தனியாகப் போய்விடலாம், உன் வாழ்க்கை உன்னுடையது என்று விடுதலையைக் காட்டுவது. குடும்பத்தை விட்டுப் போவதுதான் ஆரோக்கியம் என்ற அளவுகோல் அவளுடையது இல்லை. அவளுக்கு அம்மாவும் வேண்டும், தானும் வேண்டும்.

பயன் தரக்கூடிய வழி கொஞ்சம் சுற்றுவழி. முதலில் அம்மாவோடு தனியாக ஒரு சந்திப்பு. அதில் ஒரே கேள்வி: "உங்கள் பதினைந்தாவது வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள்?" பதினைந்தாம் பிறந்தநாள் விழா அந்தப் பண்பாட்டில் பெண் வளர்ந்ததைக் கொண்டாடும் நாள், விழா நடந்ததா, உடை யார் தைத்தது, நடக்கவில்லையென்றால் ஏன். அடுத்த சந்திப்பில் அம்மா அதையே மகளுக்குச் சொல்ல வேண்டும். நிபந்தனைகள் உண்டு. இருபது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. கதை அம்மாவின் பதினாறு வயதோடு நின்றுவிட வேண்டும், எல்லை தாண்டிய பயணத்துக்கு வரக் கூடாது. 'உனக்காக' என்ற சொல் வரக் கூடாது. மகள் நடுவில் மூன்று கேள்வி கேட்கலாம். பிறகு மகள் தன்னைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்வாள். அம்மா பதில் சொல்வதற்கு முன், கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதில் நேரும் பெரிய விபத்து அழுகை. அம்மா அழுவாள். அழுததும் மகள் தன் கதையை அப்படியே போட்டுவிட்டு அம்மாவைத் தேற்ற ஓடுவாள். பழைய வட்டம் அந்த அறையிலேயே மறுபடி சுழலத் தொடங்கிவிடும். ஆலோசகர் எழுந்து காகிதக் கைக்குட்டையைத் தானே நீட்டி, "அம்மா கொஞ்சம் அழட்டும். இன்றைக்கு அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை, நீ சொல்ல வந்ததைச் சொல்" என்று நிறுத்த வேண்டும். சின்னச் செயல்தான். சுமப்பதிலிருந்து அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் முதல் அரை மணி நேர விடுப்பு அது.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளரிளம் லத்தீன் பெண்களுக்கு இயங்கியல் நடத்தைச் சிகிச்சை (கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் பேச்சுச் சிகிச்சை) கொடுத்துவந்த குழுவினரும் இதே முடிச்சில்தான் வந்து நின்றார்கள். மார்ஷா லினஹன் உருவாக்கிய அந்தச் சிகிச்சையில், வளரிளம் பருவத்தினருக்கும் பெற்றோருக்கும் நடுவழியைக் கற்றுத்தரும் பகுதி ஒன்று முன்பே இருந்தது. ஒரேயடியாகத் தளர்வு, ஒரேயடியாகக் கண்டிப்பு என்ற இரண்டுக்கும் நடுவே நடப்பது. 2015இல் அந்தக் குழுவினர் லத்தீன் குடும்பங்களுக்கென மேலும் இரண்டு இழுபறிகளைச் சேர்த்தார்கள். ஒன்று, 'பழைய பள்ளி'க்கும் 'புதிய பள்ளி'க்கும், அதாவது பெற்றோரின் பழைய வழக்கங்களுக்கும் பிள்ளைகளின் புதிய வழக்கங்களுக்கும் இடையே. மற்றது, அளவுமீறிக் காப்பதற்கும் காக்காமல் விடுவதற்கும் இடையே. இதில் எனக்குப் பிடித்தது, அம்மாவைப் பழைமைவாதி என்று ஓரங்கட்டாததுதான். பழைய பள்ளியில் எதை வைத்துக்கொள்ளலாம், புதிய பள்ளியில் எதை எடுத்துக்கொள்ளலாம் என்று இருவரும் பேரம் பேசுகிறார்கள். தோழி வீட்டில் இரவு தங்குவது முடியாது. ஆனால் தோழியின் அம்மாவோடு அம்மா பேசியபின் இரவு ஒன்பது மணிவரை இருக்கலாம். இப்படித்தான் முடிவுகள் வருகின்றன.

ஆண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். யோவான்ஸ்கா துவார்த்தே-வேலெஸ், பெர்னால் உள்ளிட்டோர் 2010இல் பதிவு செய்த சிகிச்சை வரலாறு, மனச்சோர்வில் இருந்த போர்ட்டோ ரிக்கோ இளைஞன் ஒருவனைப் பற்றியது. சுவிசேஷ சபையைச் சேர்ந்தவன், ஒருபாலீர்ப்பு உள்ளவன். சபையை விடு என்றோ, ஈர்ப்பை மறை என்றோ சொல்லாமல், நம்பிக்கை, குடும்பம், பாலியல் மூன்றையும் ஒரே மனிதனுக்குள் சேர்த்து வைக்க முயன்ற சிகிச்சை அது. தற்கொலை நடத்தைக்கெனத் துவார்த்தே-வேலெஸ் பின்னர் உருவாக்கிய சமூக-அறிதல் நடத்தைச் சிகிச்சையிலும் அடையாளமும் குடும்ப உரையாடலும் ஒதுக்க முடியாத பாகங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் வன்முறையோ பாலியல் துன்புறுத்தலோ இருக்கிறது என்று தெரிந்தால், குடும்பச் சந்திப்பு கிடையாது. சட்டப்படி புகாரளிப்பதும் பிள்ளையைப் பாதுகாப்பதும்தான் முதல் வேலை. குடும்பத்தைச் சேர்த்து வைப்பது பண்பாடு என்று சொல்லிக் கொடுமைக்காரரோடு ஒரே அறையில் உட்கார வைப்பதைவிடக் கேடு வேறில்லை.

ஆறு படி, ஒரு நெரிசலான வீடு

பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் வடிவமைத்த பாதுகாப்புத் திட்டம் இன்று எங்கும் புழங்குகிறது. 'உயிரை மாய்த்துக்கொள்ள மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கும் பழைய ஒப்பந்தங்கள் பயன் தருவதாக நிரூபணமாகவில்லை; இது வேறு. ஒரே தாள், ஆறு படி. மேலிருந்து கீழாக, ஒன்று உதவாவிட்டால் அடுத்தது. ஆனால் தாளில் எழுதியதெல்லாம் பிள்ளையின் வீட்டில் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

முதல் படி எச்சரிக்கை அறிகுறிகள். இதை உடலின் மொழியில் எழுதுவது மேல்: நெஞ்சு இறுகுகிறது, சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாவது, தனியாகச் செய்யக்கூடியவை. இங்கேதான் ஆயத்தத் தாள்கள் தோற்கும். 'உன் அறைக்குப் போ' என்றிருக்கும். அவள் இரண்டு தங்கைகளோடு ஒரே அறையில் படுப்பவள். 'வெளியே நடந்துவிட்டு வா' என்றிருக்கும், தனியாக அனுப்பமாட்டார்கள். குளிர்ந்த நீரில் முகம் கழுவுவது, இயர்போனில் பாட்டு, ஜெபமாலை, மாவு பிசைவது என்று அந்த வீட்டுக்குள் நடப்பதைத்தான் எழுத வேண்டும். மூன்றாவது, மனதைத் திருப்பும் மனிதர்களும் இடங்களும். சபையின் இளைஞர் குழு பலருக்குப் பெரும் துணை. ஒருபாலீர்ப்புள்ள பிள்ளைக்கு அதுவே காயமாக இருக்கலாம், எனவே கேட்டுவிட்டு எழுத வேண்டும்.

நான்காவது படி, உதவி கேட்கக்கூடியவர்கள். முதல் பெயர் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஞானஸ்நானத்தில் ஏற்றுக்கொண்ட ஞானத்தாய், 'மத்ரீனா', இந்த இடத்துக்கு அருமையானவர்: வீட்டுக்குள்ளேயும் இருப்பவர், கொஞ்சம் வெளியேயும் இருப்பவர். அழுக்குத் துணி வெளியே போனதாகவும் ஆகாது. அவரிடம் முன்பே பேசி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். ஹோண்டுராஸில் இருக்கும் பாட்டியை மூன்றாம் படியில் எழுதலாம், வாட்ஸ்அப்பில் பேசினால் மனம் இளகும். நான்காம் படியில் எழுதக் கூடாது, நள்ளிரவில் அவரால் வந்து நிற்க முடியாது.

ஐந்தாவது, தொழில்முறை உதவி. அமெரிக்காவில் 2022 ஜூலையிலிருந்து 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண். ஸ்பானிஷுக்கு 2ஐ அழுத்த வேண்டும், 2023 ஜூலையிலிருந்து ஸ்பானிஷில் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். காவலையும் ஆம்புலன்ஸையும் அழைக்கும் 911 வேறு, 988 வேறு என்பதைப் பெற்றோருக்கு விளக்க வேண்டும். பெயர் சொல்லத் தேவையில்லை என்றும், உயிர் உடனடி ஆபத்தில் இருக்கும் சில அழைப்புகளில் மட்டும் அவசர உதவியை அனுப்பக்கூடும் என்றும் மறைக்காமல் சொல்ல வேண்டும். (இதைப் படிக்கிற உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பிள்ளைக்கோ இப்படி எண்ணங்கள் இருந்தால், இந்தியாவில் டெலி மனஸ் 14416, சென்னை சினேகா 044-24640050. கனடாவிலும் 988தான்.)

ஆறாவது, வீட்டைப் பாதுகாப்பாக்குவது. "பெற்றோர் வீட்டில் மருந்து வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் பதில் அரைகுறையாக வரும். "இந்த வீட்டில் யார் யார் தூங்குகிறார்கள்?" என்று தொடங்க வேண்டும். பாட்டியின் மாத்திரை, வாடகைக்கு ஓர் அறையில் தங்கியிருக்கும் மாமாவின் பை, ஊரிலிருந்து கொண்டுவந்து காலணிப் பெட்டியில் வைத்த மருந்துகள் எல்லாம் பூட்டக்கூடிய ஒரு பெட்டிக்குள் போக வேண்டும். பெட்டியை மருத்துவமனையே கொடுத்தனுப்பினால் அன்றைக்கே வேலை முடியும். வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் தள்ளிப்போகும். துப்பாக்கி இருந்தால் நெருக்கடி முடியும்வரை வீட்டுக்கு வெளியே. இந்த ஆறாம் படியை அப்பாவிடம் ஒப்படைப்பது நல்ல வழி. "நீங்கள்தான் இந்த வீட்டின் காவல்" என்று உண்மையாகவே சொல்லிக் கொடுத்தால், உணர்ச்சிகளைப் பற்றிப் பேச மறுக்கும் அப்பாக்களும் இதைச் சிரத்தையாகச் செய்வார்கள். அவர் இரவு வேலைக்காரர் என்றால், அவருடைய இடைவேளை நேரத்தில் தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டும்.

சிகிச்சை அறைக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. ரோசா கில் நிறுவிய கம்யூனிலைஃப் அமைப்பு 2008இல் பிராங்ஸில் லத்தீன் வளரிளம் பெண்களுக்கெனத் தொடங்கிய 'உயிர் விலைமதிப்பற்றது' என்ற பொருள்படும் திட்டத்தில், பள்ளி முடிந்ததும் பெண்கள் வருகிறார்கள். ஓவியம், இசை, வீட்டுப்பாட உதவி. வீட்டுப்பாடம் எதற்கு என்று தோன்றலாம். மதிப்பெண் சரிவதும் அதன்மேல் வீட்டில் வெடிக்கும் சண்டையும் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணிகளாக அடிக்கடி இருக்கின்றன. கணக்குப் பாடத்தில் ஒருத்தியைத் தேற்றி விடுவது, சங்கிலியை ஆரம்பத்திலேயே ஓரிடத்தில் அறுப்பது.

பாதுகாப்புத் திட்டத்தின் தாள் இரண்டு பிரதிகளாகத் தயாராக வேண்டும். மகளுடையது அவள் கையெழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில். அம்மாவுடையது அம்மாவின் கையெழுத்தில், ஸ்பானிஷில். அச்சடித்த மொழிபெயர்ப்பைக் கொடுத்துவிடக் கூடாது. ஆலோசகர் துணையோடு மகள் தானே வரிவரியாகச் சொல்ல, அம்மா எழுதிக்கொள்ள வேண்டும், அவள் சொல்ல விரும்பாத வரியைத் தவிர. அன்று வீட்டுக்குப் போன மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஒரு தொலைபேசி அழைப்பு. அதன்பின் ஒவ்வொரு வாரமும் தாளை எடுத்து வைத்து, எந்தப் படி உதவியது, எது உதவவில்லை என்று பார்க்க வேண்டும். அத்தை மகள் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டால் அவள் பெயரை அடித்துவிட்டு வேறு பெயர். ஞானத்தாயின் எண் மாறினால் புது எண். இரண்டு தாளிலும், இருவர் கையாலும்.